கால் கட்டை, உடம்பு நீளம்

போன ஞாயிற்றுக்கிழமை கானாடுகாத்தான் முக்கில் டீ குடிக்க நின்றேன். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஐயா ஒருவர் வண்டியை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏத்தா, இது ஜென்ஸ் சைக்கிளா?"

"இல்லைங்கய்யா. ஆம்பளை பொம்பளை ரெண்டு பேருக்கும் பொது."

அவர் நம்பவில்லை. "பாரு இருக்கே" என்றார். அதற்கு மேல் அவருக்கு விசாரணை தேவைப்படவில்லை.

எங்கள் பக்கத்தில் விஷயம் அவ்வளவு சுருக்கம். சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே குறுக்காகப் பார் ஓடினால் ஜென்ஸ் சைக்கிள், அது வளைந்து கீழே இறங்கியிருந்தால் லேடீஸ் சைக்கிள். நீளப் பாவாடையோடு காலைத் தூக்கிப் போட முடியாது என்பதற்காக 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே மேல்நாட்டில் பாரை இறக்கிவைத்துப் பெண்களுக்கு சைக்கிள் செய்துவிட்டார்கள். நம்மூர் வண்டியில் பின்சக்கரத்தில் சேலை சிக்காமலிருக்க வலையும் இருந்தது. நான் ஓட்டுவது ரோடு பைக், கீழே வளைந்த ஹேண்டில்பாரும் மெல்லிய டயருமாக வேகத்துக்கென்று செய்த வண்டி. அதில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. பெண்களுக்கானது என்று ஒட்டி விற்கிற ரோடு பைக்கிலும் பார் மேலேதான் ஓடும். அப்படியென்றால் அதில் பெண்களுக்கானது எது? இந்தக் கேள்விக்கு விடை தெரிவதற்குள் எனக்கு இரண்டு வருஷமும், சொன்னால் வீட்டில் திட்டு விழுகிற அளவுக்குப் பணமும் போய்விட்டது.

முதலில் அம்மாவின் சைக்கிளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குப் பிறந்த ஊர் அரிமளம். செட்டிநாட்டு ஊர்தான், மாவட்டம் மட்டும் புதுக்கோட்டை. 1991-இல் அந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது எழுத்துச் சொல்லிக்கொடுத்ததோடு சைக்கிளும் சொல்லிக்கொடுத்தார்கள். கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதை இயக்கத்தின் பாடமாகவே ஆக்கியிருந்தார். 1992-இல் மகளிர் தினத்தை ஒட்டி 1,500 பெண்களுக்கு மேல் ஹேண்டில்பாரில் கொடி கட்டிக்கொண்டு புதுக்கோட்டைத் தெருக்களில் மணியடித்துப் போனார்கள். அம்மா அதில் இல்லை. எனக்கு அப்போது மூணு வயசு, அம்மை போட்டிருந்ததாம். இன்றைக்கும் யாராவது அந்த ஊர்வலத்தைப் பற்றிப் பேசினால் என்னை ஒரு பார்வை பார்ப்பார்.

அந்த நாளில் லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. கடையில் இருந்ததெல்லாம் ஜென்ஸ் வண்டி. குரங்குப்பெடல் போட்டுப் பழகியவர்கள் அதையே வாங்கினார்கள். வாங்கிய பிறகுதான் பலருக்கும் அதுவே சௌகரியமாகத் தெரிந்தது. காரணம் அந்தப் பார்தான். அம்மா அதில் ஒரு துண்டை நாலாக மடித்துச் சுற்றி, அதன் மேல் என்னை உட்கார வைத்து, பின்னால் கேரியரில் தைத்த துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு ராயவரத்துக்கும் கடியாப்பட்டிக்கும் போய்வந்தார். அம்மா தையல்காரர். எனக்கு நினைவிருப்பது அந்தத் துண்டின் ஈர வாடையும், பெல்லை அடிக்க விடமாட்டேன் என்று அம்மா என் கையைத் தட்டிவிட்டதும்தான்.

"லேடீஸ் சைக்கிள் வேணும்னு தோணலையாம்மா?" என்று பிற்பாடு கேட்டேன்.

"ஒன்னய எங்கிட்டு உக்கார வைக்கிறதாம்?"

இனி என் கதை. எனக்கு வயசு முப்பத்தாறு. காரைக்குடியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். நாற்காலியிலேயே வளர்ந்த முதுகுவலிக்காகத்தான் காலையில் சைக்கிள் ஓட்ட ஆரம்பித்தேன். செக்காலை ரோட்டிலிருந்து குன்றக்குடி வரைக்கும் போய்த் திரும்புவேன். பிறகு பிள்ளையார்பட்டி. கியர் இல்லாத சைக்கிளில் ஆடிக் காற்றை எதிர்த்து மிதித்து வந்த ஒரு நாளில்தான் ரோடு பைக் ஆசை வந்தது. தம்பியின் சிநேகிதர் ஒருவர் வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது தன் வண்டியைப் பாதி விலைக்குக் கொடுத்தார். ஃபிரேம் அளவு 54 செ.மீ. அளவு என்று ஒன்று இருப்பதே எனக்கு அப்போது தெரியாது. சைக்கிள் என்றால் சைக்கிள்.

ஓட்டிய முதல் வாரமே கை மரத்துப்போனது. சுண்டுவிரலும் பக்கத்து விரலும் திருமயம் போய்ச் சேருவதற்குள் எங்கோ காணாமல் போய்விடும். டீ கிளாஸைப் பிடித்தால் சூடே தெரியாது. கழுத்து கல்லாகிவிடும். சிக்னலில் இறங்கினால் பார் இடிக்கும் இடத்தை இங்கே எழுத வேண்டாம். பிரேக் இன்னொரு தொல்லை. கீழ்வளைவில் கை வைத்தால் லீவர் விரலுக்கு எட்டாது. எட்டுகிற இடத்தில் பிடித்தால் பிடி போதாது. சரிவு அதிகமில்லாத ஊர் என்பதால் பிழைத்தேன். எங்களூரில் ஏற்றம் இறக்கம் என்றால் ரயில்வே மேம்பாலம்தான்.

கூட ஓட்டுகிறவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தை சொன்னார்கள்: "அக்கா, இது ஆம்பளைங்க வண்டி. நீங்க லேடீஸ் மாடல் வாங்கணும்." நானும் நம்பினேன். காரணமும் சொன்னார்கள், படித்தும் பார்த்தேன். ஒரே உயரமுள்ள ஆணையும் பெண்ணையும் நிறுத்தினால் பெண்ணுக்குக் கால் நீளம், உடம்பு குட்டை. அதனால் அவளுக்கு ஹேண்டில்பார் கிட்டத்திலும் கொஞ்சம் உயரத்திலும் இருக்க வேண்டும். இப்படித்தான் சைக்கிள் உலகம் பல வருஷம் பேசிக்கொண்டிருந்தது.

தம்பியையும் கூட்டிக்கொண்டு பக்கத்துப் பெரிய ஊர் ஒன்றில் இருக்கும் கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம். உள்ளே நுழைந்ததிலிருந்து விற்பனைப் பையன் தம்பியைப் பார்த்தேதான் பேசினான். "அக்காவுக்கு எவ்வளவு பட்ஜெட் சார்?" அக்கா பக்கத்திலேயே நிற்கிறேன். கொண்டுவந்து நிறுத்திய வண்டி கத்திரிப்பூ நிறத்தில், ஓரத்தில் பூங்கொடி போட்டு, நன்றாகத்தான் இருந்தது. அதே கம்பெனியின் பொது மாடல் பக்கத்திலேயே கறுப்பில் நின்றது. நான் கணக்குப் பிள்ளை. விலைச்சீட்டைப் பார்த்ததும் இரண்டையும் வரிவரியாக ஒப்பிடாமல் வர மாட்டேன். அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து போனில் இரண்டின் அளவு அட்டவணையையும் திறந்தேன்.

அதில் பார்க்க வேண்டியது இரண்டே எண்கள். பெடல் சுற்றுகிற அச்சிலிருந்து நேர் மேலாக, ஹேண்டில் குழாயின் உச்சி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டாக். அதே அச்சிலிருந்து அந்த உச்சி எவ்வளவு முன்னால் தள்ளியிருக்கிறது என்பது ரீச். சட்டைக்கு மார்பளவும் தோளளவும் மாதிரி. S என்றும் M என்றும் ஒட்டியிருப்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், இந்த இரண்டும் ஏமாற்றாது. கத்திரிப்பூ வண்டிக்கும் கறுப்பு வண்டிக்கும் இரண்டு எண்களும் மில்லிமீட்டர் பிசகாமல் ஒன்றே. ஃபிரேம் ஒன்றுதான். வேறுபாடு பெயிண்டிலும் சீட்டிலும் ஹேண்டில்பார் அகலத்திலும் மட்டும். லேடீஸ் மாடலில் என் அளவு கையிருப்பில் இல்லை, ஆர்டர் போட்டால் மாதக்கணக்கு ஆகும் என்று தம்பியிடம் சொன்னான்.

இன்னொரு கடையில் வேறொரு கம்பெனி வண்டி. அது உண்மையிலேயே பெண்களுக்கென்று தனி ஃபிரேம் போட்டது. ரீச் குறைவு, ஸ்டாக் அதிகம். ஆசையாக ஏறி உட்கார்ந்தேன். ஹேண்டில்பார் மடியில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. நின்று மிதித்தால் முழங்கால் போய் இடிக்குமோ என்று பயம். சோதனைக்கு இரண்டு தெரு ஓட்டிவிட்டுத் திரும்பினேன். பெண்களுக்கென்றே செய்த வண்டி, நான் பெண், பொருந்தவில்லை. வரும் வழியெல்லாம் என் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று தோன்றிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அம்மா மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்:

"ஒனக்குத்தான் கால் கட்டை, ஒடம்பு நீளமாச்சே. சுடிதார் தைக்கிறப்பவெல்லாம் டாப்ஸுக்குத் துணி பத்தாது, பேன்ட்டுல மிச்சமாகும். முப்பது வருஷமா தைக்கிறேன், எனக்குத் தெரியாதா?"

எனக்கு யாருமே சொல்லாத செய்தி அது. அம்மாவுக்கு அது செய்தியே இல்லை, துணிக்கணக்கு.

அன்றைக்கு ராத்திரியே அளவெடுத்தோம். அம்மா கழுத்தில் எப்போதும் தொங்கும் மஞ்சள் இஞ்சு டேப்பு. ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் செருப்பில்லாமல், சுவரோடு முதுகை ஒட்டி நிற்க வேண்டும். ஒரு தடித்த புத்தகத்தைக் கால்களுக்கு நடுவில் வைத்து, சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு மேலே தூக்கிப் பிடித்து, அதன் மேல் விளிம்பு சுவரைத் தொடுகிற இடத்தில் தையல் சாக்பீஸால் கோடு. தரையிலிருந்து கோடு வரை உள்ளதுதான் உள்கால் அளவு. எங்கள் வீட்டுப் பழைய சுவர் முட்டைவெள்ளைப் பூச்சுச் சுவர், கை வைத்தால் வழுக்கும். சாக்குக் கோடு அதில் சரியாகவே விழவில்லை. பென்சிலை எடுத்ததற்கு அப்பத்தா உள்ளேயிருந்து ஒரு சத்தம் போட்டார்.

எனக்கு 73 செ.மீ. மொத்த உயரம் 160. அந்த 73-ஐ 0.883-ஆல் பெருக்கினால், பெடல் அச்சிலிருந்து சீட்டின் மேற்புறம் வரை இருக்க வேண்டிய உயரம் கிடைக்கும். சைக்கிள்காரர்கள் பரவலாகப் பயன்படுத்துகிற பழைய வாய்ப்பாடு இது. எனக்கு 64.5 வந்தது. அதிலிருந்து ஒன்றிரண்டு சென்டிமீட்டர் முன்னேபின்னே உங்கள் முழங்கால் சொல்லும்.

விளையாட்டாகத் தம்பியையும் நிறுத்தினோம். அவன் உயரம் 170, உள்கால் 82. அம்மா இரண்டையும் ஒரு தாளில் எழுதி, கழித்துக் காட்டினார். கவட்டைக்கு மேலே அவனுக்கு 88, எனக்கு 87. என்னைவிடப் பத்து சென்டிமீட்டர் உயரமானவனுக்கும் எனக்கும் மேலுடம்பில் வித்தியாசம் ஒரே ஒரு சென்டிமீட்டர். கால் நீளம், உடம்பு குட்டை என்று புத்தகம் சொன்ன பெண் எங்கள் வீட்டில் தம்பிதான். அதன் பிறகு ஒரு வாரம் அவனுக்குப் பூங்கொடி வண்டிதான் சரி என்று எல்லோரும் சொல்லித் தீர்த்தோம்.

இது எங்கள் வீட்டு விசித்திரம் மட்டும் இல்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஸ்பெஷலைஸ்டு கம்பெனி, ரெட்யூல் என்ற முறையில் ஆயிரக்கணக்கானவர்களை அளந்து வைத்திருந்த கணக்கைப் பார்த்துவிட்டு, ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் இருக்கிற வித்தியாசத்தைவிட ஒரு பெண்ணுக்கும் இன்னொரு பெண்ணுக்கும் இருக்கிற வித்தியாசம்தான் பெரிது என்ற முடிவுக்கு வந்து, 2019-இல் பெண்களுக்கான தனி ஃபிரேம்களை நிறுத்துவதாக அறிவித்தது. எல்லோரும் அப்படிப் போகவில்லை. தைவானின் ஜயன்ட் கம்பெனியில் பானி டூ என்ற அம்மையார் 2008-இல் தொடங்கிய லிவ் இன்றைக்கும் பெண்களுக்கென்றே ஃபிரேம் போடுகிறது. தங்களிடம் உள்ள அளவுகள் தனி ஃபிரேம்தான் சரி என்று சொல்கின்றன என்பது அவர்கள் வாதம். எனக்கு இதில் கட்சி கிடையாது. கால் நீளமான, உடம்பு குட்டையான பெண்ணுக்கு லிவ் மாதிரி ஒரு ஃபிரேம் வரப்பிரசாதமாக இருக்கும். என் சக ஊழியர் ஒருவருக்கு அப்படித்தான் இருக்கிறது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பெண்கள் சைக்கிள் கதை வெறும் வியாபாரமாகத் தொடங்கியதில்லை. அமெரிக்காவில் ஜார்ஜினா டெர்ரி என்ற பொறியாளர் 1985-இல் கம்பெனி தொடங்கிக் குள்ளமான பெண்களுக்கு ரோடு பைக் செய்தார். முன்சக்கரத்தை மட்டும் 24 இஞ்சுக்குச் சிறிதாக்கினார். பார்த்தால் வேடிக்கையாக இருக்கும், காரணம் கெட்டி. சின்ன ஃபிரேமில் பெரிய சக்கரம் போட்டால் பெடலும் முன்சக்கரமும் நெருங்கிவிடும். மெதுவாகத் திருப்பும்போது ஷூ நுனி டயரில் இடிக்கும். நான் இப்போது ஓட்டுகிற வண்டியிலும் இந்தக் குறை உண்டு. வாங்கிய மூணாம் நாள் கொப்புடையம்மன் கோவில் பக்கம் ஒரு மாட்டுக்கு வழிவிடத் திருப்பியபோது கால் டயரில் மாட்டிப் பூக்கடை வாசலில் சாய்ந்தேன். பூக்கார அக்கா தூக்கிவிட்டு, "புது வண்டியா? அம்மனுக்குச் சூடம் காட்டலையா?" என்றார். வேகமாகப் போகும்போது ஹேண்டிலை அவ்வளவு திருப்பமாட்டோம், அதனால் இடிக்காது. சந்துக்குள் மட்டும்தான் கவனம். 24 இஞ்சு முன்சக்கரத்துக்கு மயங்கிவிடாதீர்கள், அதற்கு ரோடு டயர் இங்கே கிடைக்காது.

கடைசியில் நான் வாங்கியது பொது மாடல், சின்ன அளவு. பார் பின்னோக்கிச் சரிந்து இறங்கும், ஷூவோடு நின்றால் இரண்டு விரற்கடை இடைவெளி இருக்கிறது. நிறம் கறுப்பு. ஆனால் வாங்கியபடியே ஓட்டவில்லை. இங்கேதான் கம்பெனிகள் மேல் எனக்குக் கோபம். ஃபிரேமை மட்டும் சின்னதாக்கிவிட்டு மற்றதையெல்லாம் ஓர் ஆறடி ஆளுக்கு மாட்டுகிற மாதிரி மாட்டி அனுப்புகிறார்கள். வந்த ஹேண்டில்பார் 42 செ.மீ. என் ஜாக்கெட் தோளளவு 14 இஞ்சு, அதாவது 36 செ.மீ.கூட இல்லை. கையை அகட்டி வைத்து ஓட்டியதில்தான் பழைய வண்டியில் கழுத்து அந்தப் பாடு பட்டிருக்கிறது. 38-க்கு மாற்றினேன். ஹேண்டிலைப் பிடித்திருக்கும் ஸ்டெம் 100 மில்லிமீட்டரிலிருந்து 80. கிராங்க், அதாவது பெடல் மாட்டியிருக்கும் கை, 170-லிருந்து 165. இந்த ஐந்து மில்லிமீட்டர் என்ன செய்துவிடப் போகிறது என்றுதான் நானும் நினைத்தேன். பெடல் மேலே வரும்போது முழங்கால் வயிற்றை நோக்கி ஏறுவது குறைந்தது. செலவும் இதில்தான் அதிகம். முதலில் ஸ்டெம், ஹேண்டில்பார் மாற்றிப் பார்த்துவிட்டு, அப்புறம் வேண்டுமானால் கிராங்க்.

லீவர் எட்டாத பிரச்சினைக்கு ஒரு பைசா செலவில்லை. இதை எனக்குச் சொன்னவர் முத்துப்பட்டணத்தில் முப்பது வருஷமாகப் பஞ்சர் ஒட்டுகிற அண்ணன். ரோடு பைக் அவர் கைக்கு வந்ததே என்னுடையதுதான் இரண்டாவது. பிரேக் லீவருக்கு மேலிருக்கும் ரப்பர் உறையைக் கையால் உருட்டிவிட்டார். உள்ளே எள்ளளவுக்கு ஒரு திருகு. "எதுக்கோ வச்சிருக்கான்ல தங்கச்சி" என்று சொல்லிக்கொண்டே சின்ன ஆலன் சாவியை விட்டு கால் சுற்று, கால் சுற்றாகத் திருகினார். லீவர் ஒவ்வொரு சுற்றுக்கும் ஹேண்டிலை நோக்கி மெல்ல நகர்ந்து வந்தது. என்னைப் பிடிக்கச் சொல்லி, விரல் எங்கே மடங்குகிறது என்று குனிந்து பார்த்து, இன்னும் கால் சுற்று. பிறகு லீவரை முழுதாக அழுத்தி, அது ஹேண்டிலில் போய் முட்டாமல் பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்து, கேபிளை ஒரு இழுப்பு இழுத்துக் கட்டினார். ஒன்றரை வருஷம் அந்த 54-ஐ எட்டாத பிரேக்கோடு ஓட்டியிருக்கிறேன். இப்போது வருகிற பெரும்பாலான ரோடு பைக்கில் இந்தத் திருகு இருக்கிறது, வாங்கும்போது யாரும் சொல்வதில்லை.

சீட்டு. இதைப் பற்றிப் பெண்கள் தங்களுக்குள்ளேயே பேசத் தயங்குகிறோம், அதனால்தான் எல்லோரும் தனித்தனியாக அவஸ்தைப்படுகிறோம். வலிக்கிறது என்று கடையில் சொன்னால் உடனே அகலமான, பஞ்சு மாதிரி அமுங்குகிற "லேடீஸ் சீட்" ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். நானும் வாங்கினேன். குன்றக்குடிவரை சொர்க்கம். தேவகோட்டை போய்த் திரும்பியபோது நடக்க முடியவில்லை. பஞ்சு அமுங்கும்போது எலும்பு உள்ளே இறங்கிவிடுகிறது, நடுவில் இருப்பது மேலே பிதுங்கி மென்மையான இடத்தில் அழுத்துகிறது. நம் எடையைத் தாங்க வேண்டியது உட்காரும் எலும்புகள் இரண்டும்தான். அவற்றுக்குச் சரியான அகலத்தில், ஓரளவு கெட்டியான, நடுவில் பள்ளம் அல்லது ஓட்டை விட்ட சீட்டுதான் நீண்ட தூரத்துக்கு ஆகும்.

எலும்பு அகலம் அளக்க மளிகைக் கடை அட்டைப்பெட்டி போதும். நெளிநெளியாக உள்ளே மடிப்பு வைத்த அட்டை ஒரு துண்டை வீட்டுத் திண்ணையில் போட்டு, மெல்லிய துணியோடு அதன் மேல் உட்கார்ந்து, காலைச் சற்று உயர்த்தி வைத்து, முன்னால் குனிந்து ஒரு நிமிஷம் இருக்க வேண்டும். எழுந்து அட்டையைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் இரண்டு குழிகள் தெரியும். அம்மா சாக்கால் இரண்டின் நடுவிலும் புள்ளி வைத்து அளந்தார், 13 செ.மீ. அதோடு இரண்டு, இரண்டரை சேர்த்தால் சீட்டின் அகலம். 155 மில்லிமீட்டர் சீட்டு வாங்கினேன். பெண்களுக்கு இந்த எலும்புகள் சராசரியாகக் கொஞ்சம் அகன்றிருப்பது உண்மைதான், அதனால் பெண்களுக்கான சீட்டு என்று தேடுவதில் அர்த்தமுண்டு. இருந்தாலும் அளந்துவிட்டுத் தேடுங்கள். என் வீட்டுக்காரர் சும்மா உட்கார்ந்து பார்த்தார், அவருக்கு 13.5 வந்தது. இப்போது அவர் சைக்கிளில் இருப்பது நான் கழற்றிப்போட்ட சீட்டு இல்லை, என்னுடையதைவிட ஒரு அளவு பெரிது. பெட்டியில் "வுமன்ஸ்" என்று போட்டிருந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நான்தான் சொல்கிறேன்.

சீட்டு மாறியும் ஓர் இடத்தில் மட்டும் புண் வந்துகொண்டே இருந்தது. அதையும் அம்மாதான் தீர்த்தார். நான் ஓட்டப் போட்டுக்கொண்டிருந்த சல்வாரைத் திருப்பிப் பிடித்துக் கவட்டையைக் காட்டினார். "நாலு தையல் ஒண்ணா வந்து சேர்ற எடம் இது. இது மேல உக்காந்து இருபது மைல் போனா புண்ணு வராம என்ன வரும்?" சைக்கிள் ஷார்ட்ஸில் அந்த இடத்தில் தையல் சேராமல் ஒரே பட்டையாகத் திண்டு வைத்திருக்கிறார்கள். அதற்குள் வேறு எதுவும் போடக்கூடாது, போட்டால் மறுபடி அதே தையல். ஊருக்குள் அப்படியே போக எனக்குக் கூச்சம், மேலே தொளதொளப் பேன்ட் ஒன்றைப் போட்டுக்கொள்கிறேன். பள்ளத்தூர் தாண்டியதும் கழற்றி முதுகுப் பையில் வைத்துவிடுவேன்.

கியரைப் பற்றி எங்களூருக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பல்சக்கரத்தில் முன்னால் 50/34 பல், பின்னால் 11-32 பல், அது போதும். அதைவிட முக்கியம் டயர். 28 மில்லிமீட்டர் டயரோடு வந்த வண்டியில் முதல் மாதத்தில் நாலு பஞ்சர், நாலும் சீமைக்கருவேல முள். கண்மாய்க்கரை ரோடெல்லாம் விறகு வெட்டி ஏற்றிப் போகிற வண்டியிலிருந்து முள் உதிர்ந்து கிடக்கும். டியூபை மாற்றினால் போதாது. டயருக்குள் பழைய துணியைச் சுற்றித் தடவிப் பார்த்து, ஒடிந்து நிற்கிற முள் நுனியைப் பிடுங்காவிட்டால் பத்து நிமிஷத்தில் அடுத்த பஞ்சர். வாங்கும் ஃபிரேமில் 32 டயர் போகுமா என்று கேட்டு வாங்குங்கள். லேடீஸா பொதுவா என்பதைவிட இந்தப் பக்கத்துக்கு அதுதான் முதல் கேள்வி.

விரல் இப்போது மரப்பதில்லை. திருமயம் கோட்டை வாசலில் நின்று டீ குடித்தால் கிளாஸ் சுடுகிறது. அந்த 54-ஐ என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். தம்பி எடுத்துக்கொண்டான். அவன் கால் நீளத்துக்கு சீட்டு ஜம்மென்று நிற்கிறது, ஹேண்டில்தான் அவனுக்குக் கொஞ்சம் தூரம். ஸ்டெம் மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

புது வண்டியைக் கொண்டுவந்த அன்றைக்கு அம்மா மிஷினை விட்டு எழுந்து வந்தார். ஒற்றைக் கையால் பாரைப் பிடித்துத் தூக்கினார். "என்னடி இது, பஞ்சு மாதிரி இருக்கு" என்றார். ஸ்டாண்ட் எங்கே, கேரியர் எங்கே, பெல் எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒன்றும் இல்லை என்றதும் விலையைக் கேட்டார். பாதியைக் குறைத்துச் சொன்னேன்.

கல்லூரியில் மூணாம் வருஷம் படிக்கிற பெண் ஒருத்தி என் வண்டியைப் பார்த்துவிட்டுத் தனக்கும் வேண்டும் என்கிறாள். "அக்கா, லேடீஸ் மாடல் எது நல்லாயிருக்கும்?" என்று நேற்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னேன், அவள் வீட்டில் அனுப்ப மாட்டார்களாம், நான்தான் போக வேண்டும். ஒரு தடித்த புத்தகம், அட்டைத் துண்டு, சாக்பீஸ் எல்லாம் பையில் எடுத்து வைத்தாயிற்று. டேப்பைக் கேட்டபோது அம்மா கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தார்.

"பத்து மணிக்குள்ள கொண்டாந்துரு. மூணு ஜாக்கெட் வெட்டணும்."